சங்கு ஊதாத பட்டறை
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குப் பெரம்பூரில் நிகழ்த்திய பிரசங்கம்)



உங்களிற் பெரும்பாலோர் சொந்தத் தொழில் செய்து பிழைப்பவர்கள். தச்சர், கொல்லர், தையற்காரர், மின்கம்பி வேலை செய்வோர், சைக்கிள் பழுது பார்ப்போர் ஆகியோர் இங்கே கூடியிருக்கின்றனர். உங்கள் தொழிலை உங்களுக்குக் கற்பிக்க நான் வரவில்லை. கை வேலையில் நிபுணராக இருந்தும் கடனாளியாக ஆவது எப்படி, அதைத் தவிர்ப்பது எப்படி என்பதை மட்டும் பேச விரும்புகிறேன்.

இந்தப் பெரம்பூரின் சரித்திரமே இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடமாகும். 1856-ல் இங்கே ரயில்வேப் பட்டறை ஏற்பட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் எழுந்தன. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இவ்விடத்திலேயே பிறந்தது. 1955-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. இவ்வாறு பல தலைமுறைகளாக இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் சம்பளத்தையே நம்பி வாழ்ந்தன. ஆலைகளோ 1996-ல் மூடப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களிற் பலர் சொந்தத் தொழிலை நாட வேண்டியதாயிற்று.

அவர்களுடைய கைத்திறமை அவர்களுடனேயே வந்தது. ஆனால் ஆலையிலே அவர்களுக்குத் துணையாயிருந்த நான்கு ஏற்பாடுகள் உடன் வரவில்லை. நேரத்தை அறிவிக்க ஒரு சங்கு இருந்தது. சாமான்களைக் காக்க ஒரு பண்டகசாலை இருந்தது. கூலியைக் கணக்கிட்டுக் கொடுக்க ஒரு குமாஸ்தா இருந்தார். முதுமைக்கென்று ஒரு பகுதியைப் பிடித்து வைக்கச் சேமநிதி இருந்தது. சொந்தத் தொழில் செய்பவனுக்கு இந்நான்கும் இல்லை. இந்த நான்கு உத்தியோகங்களையும் அவனே பார்த்தாக வேண்டும். பாராவிட்டால் நேர்வது யாது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

ஒரு தச்சர் வாசற்கதவு ஒன்றுக்கு 20,000 ரூபாய் பேசி, 8,000 ரூபாய் முன்பணம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரத்திற்கு 11,000 ரூபாய். கீல், தாழ்ப்பாள், அறுப்புக்கூலி, வண்டிக்கூலி வகையில் 3,000 ரூபாய். மீதி 6,000 ரூபாயே அவருடைய உழைப்பின் பலன். ஆனால் கையில் 8,000 ரூபாய் வந்தவுடன் அது தம் சம்பாத்தியமென்று எண்ணி, பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டிவிடுகிறார். பிள்ளையைப் படிக்க வைப்பது நற்செயலே. ஆயினும் அப்பணம் இன்னும் அவருடையதன்று. அது மரத்தின் பணம்.

மரம் வாங்கப் பணமில்லாமையால் அவர் தண்டற்காரரிடம் போகிறார். 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 ரூபாய் கையில் தருகிறார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய் சொற்பம் என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் அசல் குறைந்து வருவதால், 8,500 ரூபாய் முழுவதும் 100 நாளும் அவரிடம் இருப்பதில்லை. ஆண்டுக் கணக்கிற் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. அந்தக் கதவின் பலனில் காற்பங்கு போயிற்று. பிறகு அடுத்த கதவின் முன்பணத்தால் இந்தத் தவணையைக் கட்டுவார். இச்சுழலில் அகப்பட்டவர் மீள்வது அரிது. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் காக்க வருமுன்னரே நம்மை நாம் காத்துக்கொள்ளுதல் நலம்.

அதற்கு நான்கு பழக்கங்கள் போதும்.

முதலாவது, தொழிற்பணம் வேறு, வீட்டுப்பணம் வேறு என்று பிரித்து வையுங்கள். இரண்டு பெட்டி, இரண்டு வங்கிக் கணக்கு வேண்டும். இக்காலத்தில் கைப்பேசி வழியாக வரும் பணம் கண்ணுக்குத் தெரியாமல் வந்து, தெரியாமலே போய்விடுகிறது. ஆகையால் அதைத் தொழிற்கணக்கிலேயே வரவிடுங்கள். வாரந்தோறும் உங்களுக்கென்று ஒரு கூலியை நிர்ணயித்து, அதை மட்டும் வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, அன்றன்று எழுதுங்கள். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது நம் பெரியோர் வாக்கு. பேசிய விலை, பெற்ற முன்பணம், முடிக்கும் தேதி ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதி, வேலை கொடுப்பவரின் கையொப்பம் வாங்குங்கள். பிற்பாடு மனஸ்தாபம் நேராது.

மூன்றாவது, நேரத்திற்கு நீங்களே சங்காக இருங்கள். ஒப்புக்கொண்ட வேலைகளையும் தேதிகளையும் பட்டறைச் சுவரிற் பலகையொன்றில் எழுதி வையுங்கள். முடியாத தேதியைச் சொல்லி வேலை பிடிப்பதைவிட, முடியும் தேதியைச் சொல்லி ஒரு வேலையை இழப்பது மேல். அவ்வாறே கருவிகளுக்கும் ஜாபிதா ஒன்று இருக்கட்டும். மாதமொரு முறை எண்ணிப் பாருங்கள். அவை தேய்ந்தால் மாற்றுவதற்குச் சிறு தொகை ஒதுக்குங்கள்.

நான்காவது, முதுமைக்கும் நோய்க்கும் சேமியுங்கள். தொழிற்சாலை ஊழியருக்குச் சட்டப்படி சேமநிதி உண்டு. தனித்தொழில் செய்பவரும் தபாலாபீஸிலோ வங்கியிலோ பொதுச் சேமநிதிக் கணக்குத் தொடங்கலாம். ஆண்டிற்கு 500 ரூபாய் கட்டினாலும் கணக்கு நிற்கும். ஆனால் அது பதினைந்தாண்டுத் திட்டமாகையால், திடீர்ச் செலவிற்கென்று வேறொரு சிறு தொகையும் கையில் இருக்க வேண்டும்.

இனி, சங்கங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. 1904-ல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்த ஆண்டிலேயே, திருவள்ளூரை அடுத்த திரூரில் நம் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் ஏற்பட்டது. ஊராருக்கு ஊரார் நாணயம் தெரியும் என்பதே இவ்வியக்கத்தின் அஸ்திவாரம். கைத்தொழிலாளர் ஒருவர் கடன் கேட்டு வந்தால், ஜாமீன் யார் என்று கேட்குமுன் கணக்குப் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். ஆறு மாதம் ஒழுங்காக எழுதிய கணக்கு, அவருடைய நாணயத்திற்கு அவரே சொல்லும் சாட்சியாகும். அத்தகையவருக்குக் காலதாமதமின்றிக் கடன் கொடுங்கள். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் தண்டற்காரருக்கு லாபம்.

சகோதரர்களே! இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் பள்ளி செல்லும் மகளைக்கொண்டு எழுதுவிக்கலாம். ஊர் திரும்பும் வழியிலேயே நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். இன்றிரவே, கையிலுள்ள பணத்தில் உங்களுடையது எவ்வளவு, பிறருடையது எவ்வளவு என்று முதற்பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம் சிலருக்கு வருத்தம் தரலாம். எனினும், உண்மை நிலை தெரிந்த நாளே கடன் குறையத் தொடங்கும் நாள்.