சோடா உப்பும் ஒரு வாழ்க்கை வரலாறும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் சோடா உப்பைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் புன்முறுவல் பூப்பது நமக்குத் தெரிகிறது. ஆயினும் இன்று காலை இங்கே பரிமாறிய ஆப்பத்தில் அது இருந்தது என்பதை அன்புடன் நினைவூட்டுகிறோம்.

நம் பிள்ளைகள் இராமகுப்பத்துப் பள்ளியில் தெலுங்கில் பாடம் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தை நம் சங்கத்தின் மாலை வகுப்பில் கற்கிறார்கள். அவர்களுக்கென நம் இளைஞர்கள் கையெழுத்துப் படியாக ஒரு சிறு கலைக்களஞ்சியம் எழுதத் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். ஆசை பெரிதுதான்; தவறில்லை. அவர்கள் எழுதியவற்றுள் ஒரு வாழ்க்கை வரலாற்றைப் பார்வையிட்டுத் தகுதி கூறும் பணி நம்மிடம் வந்தது. நிக்கொலா லெப்லான் என்னும் பிரெஞ்சுக்காரரின் வரலாறு அது.

முதல் வரியே நம்மைத் தடுத்து நிறுத்தியது. “சமையல் சோடாவைக் கண்டுபிடித்த மாமேதை லெப்லான்” என்று எழுதியிருந்தார்கள். மாமேதை என்ற சொல்லைப் பின்னர்ப் பார்ப்போம். சமையல் சோடாவை அவர் கண்டுபிடிக்கவே இல்லை! அவர் செய்தது சலவைச் சோடா. இரண்டும் உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. சலவைச் சோடாவில் ஈரம் சேர்த்துக் கரியமில வாயுவைச் செலுத்தினால் சமையல் சோடா கிடைக்கும்; சமையல் சோடாவைச் சூடேற்றினால் வாயு வெளியேறி மீண்டும் சலவைச் சோடாவாகும். ஆப்ப மாவு பொங்குவதும் அந்த வாயுவினால்தான். சமையல் சோடாவை 1801இல் தயாரித்துக் காட்டியவர் பெர்லினைச் சேர்ந்த வாலண்டைன் ரோஸ் என்னும் மருந்தாளர். அதை அடுப்படிக்குரிய சரக்காக்கி அமெரிக்காவில் 1846இல் விற்கத் தொடங்கியவர்கள் ஜான் டுவைட்டும் அவருடைய மைத்துனராகிய மருத்துவர் ஆஸ்டின் சர்ச்சும் ஆவர். பெல்ஜியத்துச் சால்வே 1861இல் உரிமம் பெற்ற முறையிலோ வேடிக்கை பாருங்கள்: முதலில் படிவது சமையல் சோடா, அதைச் சுட்ட பிறகே சலவைச் சோடா!

அப்படியானால் லெப்லானுக்கு இந்த வரிசையில் இடம் ஏது? உண்டு, முதல் இடமே உண்டு. அவருக்கு முன்பு ஐரோப்பியர் கடலோரச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து சோடா எடுத்தனர். நம் பக்கத்தில் வண்ணார் உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்ததை நம் முதியோர் கண்டிருக்கிறார்கள். தெலுங்கர் அதனைச் சவுடு என்பர். கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் நெசவுக்கும் இச்சாம்பல் போதவில்லை. எளிதில் கிடைக்கும் கடலுப்பிலிருந்து சோடா செய்ய வழி கண்டவர் லெப்லான். உப்பைக் கந்தகத் திராவகத்துடன் சேர்த்துக் காய்ச்சி, வந்த பொருளைக் கரியுடனும் சுண்ணாம்புக் கல்லுடனும் உலையிலிட்டுச் சுட்டு, அந்தக் கரிய கட்டியை நீரில் ஊறவைத்துச் சோடாவை வடித்தெடுத்தார். சுண்ணாம்புக் கல்லைச் சேர்த்ததே இதன் உயிர்நாடி. இந்த ஒரு வரி நம் இளைஞர் எழுதிய மூன்று பக்கத்திலும் இல்லை.

ஒப்பு நோக்குவதற்காகப் பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்தின் 1911ஆம் ஆண்டுப் பதிப்பில் லெப்லானைப் பற்றியுள்ள பகுதியைப் படித்தோம். ஒரே பத்தி. புகழ்மொழி அரிது. 1780இல் ஓர்லேயான் கோமகனிடம் மருத்துவரானார். 1791 ஜூனில் கோமகன் 2,00,000 பிராங்கு தர இசைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பதினைந்து ஆண்டுக்கு உரிமம் கிடைத்தது. பாரிசை அடுத்த சேன் தெனியில் தொழிற்சாலை எழுந்தது. பிறகு புரட்சி. கோமகனின் சொத்தோடு தொழிற்சாலையும் பறிமுதலாயிற்று. நாட்டு நலன் கருதிச் செய்முறையை வெளியிடுமாறு ஆணை வந்தது, இரகசியமும் போயிற்று. 1800இல் வெறுஞ்சுவர்களாகத் தொழிற்சாலையைத் திருப்பித் தந்தார்கள். நடத்த முதல் இல்லை. 1806 ஜனவரி 16ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நம் இளைஞர் இவ்விடத்தில் ஒன்றரைப் பக்கம் கண்ணீர் வடித்திருக்கிறார்கள். “புரட்சி என்னும் கொடிய பேய் அவரை விழுங்கியது” என்பது ஒரு வரி. அவர்களுடைய இரக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் பிரிட்டானிக்காவின் அந்த வறண்ட வரிகளைப் படித்தபோதுதான் நமக்கு நெஞ்சு கனத்தது. பொருளுதவிய கோமகன் 1793 நவம்பரில் கில்லட்டினில் தலையிழந்தார் என்ற செய்தியை மட்டும் இளைஞர் கட்டுரையில் கண்டு மகிழ்ந்தோம். அப்பத்தியில் அது இல்லை. கடலுப்பிலிருந்து சோடா செய்வோர்க்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 2,400 லிவர் பரிசு அறிவித்திருந்ததும் அங்கே இல்லை. அந்தப் பரிசை லெப்லான் தம் வாழ்நாளில் பெறவே இல்லை.

பிரிட்டானிக்காவும் பிழைக்கு விலக்கன்று. லெப்லான் இசூதன் என்னும் ஊரில் பிறந்ததாக அது கூறுகிறது. அவர் பிறந்தது இவா லெ ப்ரே என்னும் ஊரில், 1742 டிசம்பர் 6இல் என்பது இன்று ஏற்கப்பட்ட செய்தி. நம் இளைஞர் இரண்டு நூலைப் பார்த்துக் குழம்பி, “பிரான்சு நாட்டில் பிறந்தார்” என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள்! சாமர்த்தியம்தான், ஆனால் கலைக்களஞ்சியத்தில் இதற்கு மதிப்பெண் இல்லை.

நாம் மிகவும் வருந்தியது ஒரு விடுபாட்டைக் கண்டு. லெப்லானுடன் உழைத்த தீசே என்பவர், லெப்லான் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், சுண்ணாம்புக் கல்லைச் சேர்க்கும் யோசனை தம்முடையதே என்று எழுதினார். இறந்தவர் மறுமொழி கூற இயலுமா? வழக்கு நெடுநாள் நின்றது. 1856இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் குழு ஆராய்ந்து, பெருமை முழுவதும் லெப்லானுக்கே உரியது என்று முடிவுசெய்தது. பிரிட்டானிக்கா தன் ஒரே பத்தியில் இதற்கு இடம் ஒதுக்கியது. நம் இளைஞர் இதனை அறிந்தும் விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டோம். “ஐயா, அதைச் சொன்னால் படிக்கிற பிள்ளைக்கு அவர்மேல் ஐயம் வந்துவிடுமே” என்றார் எழுதிய தம்பி. வரட்டுமே தம்பி! நகரத்துப் பிள்ளை ஐயம் வந்தால் வேறு நூலைப் புரட்டும். நம் ஊர்ப் பிள்ளைக்குத் தமிழில் கையெட்டும் நூல் நீங்கள் எழுதும் இந்தப் படி ஒன்றே. அதில் மறைத்தது அந்தப் பிள்ளைக்கு இல்லாததாகவே போய்விடும்.

இரண்டு கட்டுரையிலும் இல்லாத ஒன்றும் உண்டு. லெப்லான் முறை இங்கிலாந்தில் பெருகியபோது, உலைகளிலிருந்து எழுந்த உப்புத் திராவகப் புகை சுற்றுவட்டாரத்துப் பயிரையும் மரத்தையும் கருக்கியது. அப்புகையில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்று 1863இல் அங்கே சட்டமே இயற்றினார்கள். அந்த ஊர் மக்களும் இவ்வரலாற்றில் ஓரிரு வரிக்கு உரியவர்கள். நம் தூத்துக்குடியில் சோடா செய்யும் ஆலை ஒன்று, கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து அதனையே சோடாவாக்கும் முயற்சியை 2016இல் தொடங்கியதையும் சேர்த்து எழுதலாம் என்று யோசனை கூறினோம். குசராத்தின் மித்தாப்பூரில் 1939இல் எழுந்த டாட்டா நிறுவனத்துக்கு வித்திட்ட கபில்ராம் வக்கீலுக்கும் தனிக்கட்டுரை வேண்டும் என்று இளைஞர்களே கேட்டிருக்கிறார்கள். எழுதட்டும்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பினோம். தம்பிக்கு முதலில் வருத்தம். இரண்டு வாரம் நம் பக்கம் வரவில்லை. மூன்றாம் வாரம் புதிய படியுடன் வந்தார். மூன்று பக்கம் ஒரு பக்கமாகியிருக்கிறது. மாமேதை இல்லை, பேயும் இல்லை. தீசே இருக்கிறார். ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறது. “கடலுப்பிலிருந்து சலவைச் சோடா செய்யும் முறையை அமைத்த பிரெஞ்சு மருத்துவர்” என்று தொடங்குகிறது. படி இவ்வரங்கின் வாயிலில், வரவேற்பு மேசைமேல் இருக்கிறது. அன்பர்கள் படித்துப் பார்த்துப் பிழை கண்டால் ஓரத்தில் குறித்து வையுங்கள், பென்சிலும் வைத்திருக்கிறோம்.