விதைநெல்லும் பாலர் வகுப்பும்



வீரமுனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கமாக நடப்போருக்கு வயல் வட்டைகளே எங்கும் காட்சி தரும். அறுவடை முடிந்ததும் அங்கு வேளாண்மை செய்வோர், உணவுக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்னரே அடுத்த போகத்திற்கான விதைநெல்லை ஒதுக்கிவிடுவது பழைய வழக்கம். இக்காலத்தில் விதையை விலைக்கு வாங்குவோர் பலர். ஆயினும் கணக்கு மாறவில்லை. இன்று உண்ணக்கூடிய ஒன்றை உண்ணாமல் விட்டாலன்றி நாளைய விளைச்சல் இல்லை.

பொருளியல் கற்கப் புகும் மாணவன் முதல் வாரத்திலே கேட்கும் பாடமும் இதுவே. வளம் குறைவு, விருப்பம் மிகுதி. ஆதலின் ஒன்றைத் தெரிந்தால் மற்றொன்றைக் கைவிட வேண்டும். அவ்வாறு கைவிட்டதன் பெறுமதியையே அமையச் செலவு என்பர். இந்தக் கணக்கைச் சிறு பிள்ளைகளின் கல்விக்குப் பொருத்திப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பொருளியல் கற்பதற்கு நமது கரையோரத்திலேயே, ஒலுவிலில், 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. முன்பிள்ளைப் பருவக் கல்வியிலே பயிற்சி பெற விரும்புவோருக்கு, 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் போன்றவை வகுப்புகள் நடத்துகின்றன. முன்னதைப் படிப்பு என்றும், பின்னதைப் “பிள்ளை பார்ப்பதற்கு ஒரு கடதாசி” என்றும் சொல்வாரை நான் கேட்டிருக்கின்றேன். கற்றவர்களும் அப்படிச் சொல்வதுதான் வியப்பு.

ஏனெனில் பொருளியல் நூல்களே இதற்கு மாறாகப் பேசுகின்றன. ஒருவன் கற்றுப் பெற்ற திறமையும் ஒருவகை மூலதனமே என்று அடம் சிமித் 1776இலேயே எழுதிவிட்டார். 1961இல் தியோடர் சூல்ட்சு அக்கருத்தை விரித்து, மனித மூலதனம் என்ற பெயரை அறிஞருலகில் நிலைநிறுத்தினார். அவர் வேளாண்மைப் பொருளியலில் ஊறியவர் என்பதை நமது பகுதி மக்கள் சற்றே கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1962இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரில் ஒரு சோதனை தொடங்கியது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளுள் 58 பேர் முன்பள்ளியிற் சேர்க்கப்பட்டனர். ஏனையோர் வழக்கம்போல் வீட்டிலேயே விடப்பட்டனர். முன்பள்ளிப் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் முதலில் முந்தினர். சில ஆண்டுகளில் அந்த வேறுபாடு மறைந்தும் போயிற்று. முயற்சி வீண் என்று அப்போதே ஏட்டை மூடியிருக்கலாம். மூடவில்லை. நாற்பது வயதுவரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தனர். முன்பள்ளி சென்றவர்கள் கூடுதலாகப் பள்ளிப்படிப்பை முடித்திருந்தனர், கூடுதலாக உழைத்தனர், குறைவாகவே சிறை வாயிலைக் கண்டனர். நோபல் பரிசு பெற்ற யேம்சு கெக்மன் என்னும் பொருளியலறிஞரும் அவரோடு சேர்ந்தோரும், அந்தச் செலவு ஆண்டுதோறும் நூற்றுக்கு 7 முதல் 10 வரை பயன் தந்ததாகக் கணித்தனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அங்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு தேர்ந்த ஆசிரியர். வாரந்தோறும் பிள்ளையின் வீட்டுக்கும் சென்று தாயோடு பேசுவார். மூன்று வயதுப் பிள்ளையின் கையிலே பென்சிலைத் திணித்து, அகரத்தை நூறு தடவை எழுதச் சொல்லும் அறைக்கு அந்தக் கணக்கு செல்லாது. மணலிலே விளையாடுவதும், கதை கேட்பதும், கேள்வி கேட்பதுமே அவ்வயதின் படிப்பு என்பதை ஆசிரியை அறிய வேண்டும். நான் முன்னர் கூறிய “கடதாசி”, ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டால், அறிவிப்பது இதனைத்தான்.

அப்படியானால் இத்துணைப் பயன்தரும் தொழிலுக்கு ஊதியம் ஏன் இவ்வளவு குறைவு? விடை மீண்டும் பொருளியலின் தொடக்கப் பாடத்திலே கிடைக்கின்றது. முன்பள்ளிக்குக் கட்டணம் கட்டுபவர் பெற்றார். பயனோ இருபது ஆண்டுகள் கழித்து வருவது. அதிலும் பெரும்பகுதி அயலாருக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் போய்ச் சேருவது. தமக்கு வராத பயனுக்கு எவரும் விலை கொடார். ஆகவே சந்தையிலே அந்தப் பணியின் விலை தாழ்ந்தே நிற்கும். பெற்றாரைக் குறை கூறிப் பயனில்லை.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது, பள்ளிக் கல்வியின் பயன் ஊருக்கெல்லாம் உரியது, ஆதலின் செலவும் எல்லாருடையது என்பதை நாடு ஒப்புக்கொண்டது. ஆயினும் அரசினர் பாடசாலை முதலாந் தரத்திலேயே தொடங்குகின்றது. அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் பெற்றாரின் கட்டணத்தையும் தொண்டு நிறுவனங்களையும் நம்பியே கழிகின்றன.

மார்கழி மாதத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். கையிலிருந்த பணமெல்லாம் பெரும்போகத்து உழவுக்கும் உரத்துக்கும் போய்விட்டது. பிள்ளையின் முன்பள்ளிக் கட்டணம் பிந்துகின்றது. ஆசிரியை அறுவடை வரை பொறுத்திருக்கின்றார். சந்தை கொடாத இந்தச் சிறு தொகையை வேறு யார் கொடுப்பது? கோயிற் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் பிரதேச சபையும் போகந்தோறும் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கினால், ஆசிரியைக்கு மாதம் முடிந்ததும் சம்பளம் கிடைக்கும். அடுத்த அறுவடையிலேயே இதனைத் தொடங்கலாம்.