நாடா இறுகும் இடம்

நேயர்களே, நான் டாக்டர் இல்லை. பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருபது வருஷமாக ஜாக்கெட், பாவாடை தைக்கிறவள். உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்தவள். காய்ச்சலைப் பற்றித்தான் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சு அடிக்கடி தையலுக்குப் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மார்கழியில் கொல்லையில் அவரைக்காய் பறிக்கப் போனேன். கால் கடுத்தது என்று வரப்போரப் புல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. கண்ணைத் திறக்க முடியாத தலைவலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், கேட்கவில்லை. ஒரு கிளினிக்கில் டைபாய்டு என்று மூன்று நாள் ஊசி போட்டார்கள், அதற்கும் இறங்கவில்லை. எட்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

அங்கே துணி மாற்றிவிட்ட நர்ஸம்மா பாவாடை நாடாவைத் தளர்த்தினார். "ஏம்மா, இங்க பீடி ஏதாவது சுட்டுச்சா?" என்று கேட்டார். இடுப்பில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. அதைப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் மருந்தை ஏற்றினார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது.

உண்ணி என்றால் ஆட்டுக் காதில் கொழுத்துக் கிடக்குமே, அது என்றுதான் நானும் நினைத்தேன். அது இல்லை. இது மண்ணில் வாழும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. 0.2 மில்லிமீட்டர்தான், என் தையல் ஊசியின் காதில் நுழைந்துவிடும். எலி நடமாடும் புல்லிலும் புதரிலும் இருக்கும். காலில் ஏறி மேலே ஊர்ந்து வரும். துணி இறுகும் இடத்தில் வழி அடைபட்டு, அங்கேயே கடிக்கும்.

அந்த இடங்கள் எல்லாம் நான் டேப் வைத்து அளக்கிற இடங்கள்! பாவாடை நாடா, ஜாக்கெட் அடிப்பட்டி, அக்குள். ஆம்பிளைகளுக்கு அரைஞாண் கயிறும் தொடையிடுக்கும். பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் பாருங்கள். எல்லாமே சொல்லக் கூச்சப்படும் இடங்கள். டாக்டர் ஆம்பிளையாக இருந்து, "உடம்பில் ஏதாவது புண் இருக்கா?" என்று கேட்டால், நாம் பார்க்காமலே "இல்லைங்க" என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். கூச்சமாக இருந்தால் நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் அக்கா தங்கையிடம் காட்டுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் ஓர் அக்கா வந்தார். "நாலு நாளா காய்ச்சல், பழைய ஜாக்கெட்டையே வச்சுத் தச்சிடு" என்றார். நான் விடவில்லை, உள்ளே கூட்டிப் போய்ப் பார்த்தேன். அக்குளில் அதே கறுப்புப் பொருக்கு இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பண்டிகைக்கு முதல் நாள் அவரே நடந்து வந்து ஜாக்கெட்டை வாங்கிப் போனார். கை இறுக்கம் என்று குறையும் சொன்னார்!

ஒன்று சொல்லிவிடுகிறேன், பொருக்கு எல்லாருக்கும் வராது. அது இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

எழுதி வைப்பதும் உதவும். அமெரிக்காவில் லைம் என்ற ஊரில் பாலி மர்ரி என்று ஓர் அம்மா. வீட்டில் ஆள் மாற்றி ஆள் மூட்டு வீங்கிப் படுத்தார்கள். யார் யாருக்கு என்ன வந்தது என்று எழுதி வைத்து, 1975-ல் மாநில சுகாதாரத் துறையிடம் முறையிட்டார். நிஜமான உண்ணி பரப்பும் அந்த நோய்க்கு இன்று லைம் நோய் என்று பெயர். எழுதி வைத்ததுதான் அவர் பலம். நீங்களும் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். முதல் சில நாளில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் தெரியாமல் போகலாம். தேதி இருந்தால் டாக்டருக்கு உதவும்.

நம் பக்கம் இது அபூர்வமா? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வட தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் இரண்டு வருஷம் பார்த்தார்கள். காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் பலர் உண்ணிக் காய்ச்சல்காரர்கள். இதற்குத் தடுப்பூசியும் கிடையாது.

நேரம் முடியப் போகிறது. புல்லில் வெறுமனே உட்காராதீர்கள், துணியைப் புல்லிலும் புதரிலும் உலர்த்தாதீர்கள், கொல்லையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு மருந்தே வேறு. ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் இறங்கவில்லையா? "உண்ணிக் காய்ச்சலா என்று பாருங்கள் டாக்டர்" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டுங்கள்.