ஒரு புழுவுக்கு இரு பெயர்கள்

தட்டைப்புழு என்றால் வகுப்பில் நாடாப்புழுவைச் சொல்வோம். இன்று நான் சொல்லப்போவது, மீனின் உடல்மேல் ஒட்டி வாழும் நியோபெனிடேனியா.

கடலில் கூண்டில் வளர்க்கும் மீன்களின் தோலை இது மேய்கிறது. புண் வழியே கிருமி புகுந்து மீன் சாகும். மீனைச் சற்று நேரம் நன்னீரில் விட்டால் புழு உதிர்ந்துவிடும். ஆனால் வலையில் சிக்கிய முட்டைகள் தப்பிக்கும். அவை பொரியும் காலம் தெரிந்தால்தான் அடுத்த குளியலுக்கு நாள் குறிக்க முடியும். அதற்கு இனம் சரியாகத் தெரிய வேண்டும்.

1927இல் மெல்லெனி, 1955இல் கிரெல்லே என இரு இனங்கள் விவரிக்கப்பட்டன. உருவ ஒற்றுமையால் 1996இல் இரண்டும் ஒன்றே என்றனர். 2018இல் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, இரண்டும் வேறு என்றும் வளர்ப்பு மீன்களைப் பெரும்பாலும் தாக்குவது கிரெல்லே என்றும் தெரிந்தது. ஒரே இனப் புழு மீனுக்கு மீன் தோற்றத்தில் மாறுபடும் என்பதும் புலப்பட்டது.

எனவே வகைப்பாட்டை மனப்பாடப் பட்டியலாக நடத்த வேண்டாம். ஒரே மரத்தின் வெயில் இலையையும் நிழல் இலையையும் மாணவர் கையில் கொடுங்கள். ‘இவை ஒரே இனமா? எப்படிச் சொல்வாய்?’ என்று கேளுங்கள். சான்று தேடும் பழக்கம் அங்கே தொடங்கும்.