நீரடைப்பும் செவிக்கெட்டா ஒலியும்

மக்காச்சோளக் கொல்லையிலும் பருத்திக் காட்டிலும் உழைத்து ஓய்ந்த பெரம்பலூர்ப் பெரியவர்களும், அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்டு ஆலைகளிலும் வேலைபார்த்து வீடு திரும்பியவர்களும், இரவில் நான்கைந்து முறை எழுந்து இருட்டில் கொல்லைப்புறம் போய்வரும் அவஸ்தையை, வயதாகிவிட்டது என்ற ஒரு சொல்லால் மூடி, பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லாமல் சகித்து வருகிறார்கள். அந்தச் சங்கோசம்தான் நோயைவிடப் பெரிய விரோதி.

சிறுநீர்ப்பையின் வாயிலில், நீர் வெளிவரும் குழாயைச் சூழ்ந்திருக்கும் புராஸ்டேட் என்னும் சுரப்பி வாலிபத்தில் ஏறக்குறைய 20 கிராம் எடையே உடையது. நடுவயதுக்குப் பின் அது மெல்லப் பருத்துக் குழாயை நெருக்குவதால், நீர்த்தாரை மெலிகிறது, முக்க வேண்டியிருக்கிறது, போய்வந்த பின்னும் மிச்சமிருப்பதுபோல் தோன்றுகிறது. இந்த வீக்கம் புற்றுநோய் அன்று. ஆயினும் அலட்சியம் செய்தால் நீர் திடீரென்று அடைபட்டு, நாளடைவில் சிறுநீரகமும் பழுதாகலாம். ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளே அந்த அடைப்பை வரவழைத்துவிடுவதுண்டு.

இந்த வீக்கத்தை அளந்தறிய ஒரு வழி உண்டு. விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் செலுத்தி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு சுரப்பியின் அளவையும், பையில் தேங்கிய நீரையும் கணிப்பதே நாம் ஸ்கேன் என்று சொல்லும் பரிசோதனை. அதற்குச் செல்பவர்கள் நீர் அருந்தி, பை நிறைந்தபின் படுக்க வேண்டும். பிறகு நீர் கழித்துவிட்டு மறுபடி பார்க்கும்போதுதான் தேக்கம் எவ்வளவென்று தெரியும்.

அதே ஒலியை வெயிலைக் குவிக்கும் கண்ணாடிபோல் ஒரு புள்ளியில் குவித்து, அந்த வெப்பத்தால் பருத்த திசுவைக் கருக்கிவிடலாம் என்று 1990களில் மேலைநாட்டு வைத்தியர்கள் முயன்றார்கள். கத்தியில்லாத சிகிச்சை என்பதால் எழுந்த ஆவல் நியாயமானதே. ஆனால் வியன்னா நகரில் அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, நான்கு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் வழக்கமான அறுவைக்கே திரும்ப நேர்ந்தது. ஆகவே, புராஸ்டேட் வீக்கத்துக்கு ஒலிச் சிகிச்சை இன்னும் நிலைபெற்ற மார்க்கமாகவில்லை என்பதே என் அபிப்பிராயம். முதலில் மாத்திரை, அது போதாவிடில், சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியைச் சீவியெடுக்கும் அறுவை, அல்லது லேசர்: இவையே அனுபவத்தில் தேறியவை. கத்தியின்றி ரத்தமின்றி என்று யாரேனும் ஆசைகாட்டினால், நிலத்தை அடகு வைக்குமுன், ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் சுகமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. இரவுத் தூக்கம் கெட்டுத் தவிக்கும் பெரியவர்களே, கூச்சத்தை விட்டு உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு, அடைப்பு வருமுன்னே புறப்படுங்கள்.