அமுக்கராப் பொடியும் நான்கு கேள்விகளும்



சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. "பாட்டி அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து தர்றாங்க, டீச்சர்" என்றாள். "நல்ல மூலிகைதான், குடி" என்று சொல்லிவிட்டேன். அறிவியல் ஆசிரியரான நான் செய்த தவறு அது. எழுதும்போது அவள் விரல்கள் நடுங்கியதையும் உடல் மெலிந்துவந்ததையும் பிறகுதான் கவனித்தேன். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி மிகுதியாகச் சுரப்பது தெரிந்தது. பொடியை உடனே நிறுத்தச் சொன்னார் மருத்துவர்.

ஆயுர்வேதத்தில் அசுவகந்தா எனப்படும் அமுக்கரா, ஹார்மோன்கள்மீது வேலை செய்யும் மூலிகை. 2012இல் வெளியான இந்திய ஆய்வில் மன அழுத்தம் உள்ள 64 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வேர்ச்சாறும் மறு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் 60 நாள் தரப்பட்டன. வேர்ச்சாறு உண்டவர்களிடம் கார்டிசால் குறைந்தது. 2018இல் வெளியான ஆய்வில், தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேர் பங்கேற்றனர். வேர்ச்சாறு உண்டவர்களுக்கு எட்டு வாரங்களில் தைராய்டு ஹார்மோன் உயர்ந்தது. குறைவாகச் சுரப்பவருக்கு உதவக்கூடிய அதே வேர், மிகுதியாகச் சுரப்பவருக்குத் தீங்கு செய்யலாம். இதை உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் பதிவாகியுள்ளது. டென்மார்க் 2023இல் இதைத் தடை செய்தது.

இரண்டும் சிறிய ஆய்வுகள். பங்கேற்றவர்கள் பெரியவர்கள், நம் மாணவியர் வயதினர் அல்லர். பெண்களுக்கு உகந்ததெனச் சொல்லப்படும் தண்ணீர்விட்டான் கிழங்கிற்கோ, விலங்குகளிடம் செய்த ஆய்வுகளே மிகுதி.

பத்தாம் வகுப்பில் ஹார்மோன் பாடம் நடத்தும்போது இப்போது நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா? எதை அளந்தார்கள்? நம் வயதினர் அதில் இருந்தார்களா? மாணவர்கள் மூலிகை விளம்பரங்களைக் கொண்டுவந்து இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறார்கள்.

பாட்டியின் அக்கறையைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் பரிசோதனை, மூலிகை தேவையெனில், அரசு சித்த மருத்துவரின் ஆலோசனையுடன். இந்த வரிசையை மட்டும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

அந்த மாணவி சிகிச்சையில் தேறி, இன்று பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். நான்கு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதுபவள் இப்போது அவள்தான், கை நடுங்குவதில்லை.