பளு குறையும், பலம் குறையாது



ஒரு காலத்தில் தோட்டங்களில் பால் சுமந்த காண்டாக் கம்பை நாம் அறிவோம். இரு முனையிலும் வாளி தொங்கும்போது, கம்பு முறியப் பார்ப்பது தோளில் படும் நடுப்பகுதியில்தான். அங்கே பருமன் தேவை. முனைகளைச் சற்றுச் செதுக்கினாலும் கம்பு தாங்கும்; சுமப்பவருக்கும் பாரம் குறையும்.

இதே கணக்கைத்தான் இன்று வாகன உறுப்புகளுக்குக் கணினி போடுகிறது. உறுப்பு எங்கே பொருத்தப்படும், எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் விழும் என்பதைப் பொறியாளர் முதலில் சொல்ல வேண்டும். கணினி அவ்வுறுப்பைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, பாரம் ஏறாத இடத்தில் உலோகத்தைக் குறைக்கும். ஏறும் இடத்தில் விட்டுவைக்கும். இப்படி மீண்டும் மீண்டும் கணக்கிட்டு, முடிவில் எலும்பைப் போன்ற வடிவத்தைத் தரும். பெண்ட்சோ, கிக்குச்சி என்னும் அறிஞர்கள் 1988-இல் இம்முறைக்கு வழி வகுத்தனர்.

2018-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஆட்டோடெஸ்க் நிறுவனங்கள், காரின் இருக்கையைத் தரையோடும் இருக்கை வாரை இருக்கையோடும் பிணைக்கும் தாங்கியை இவ்வகையில் சோதனையாக வடிவமைத்தன. கணினி 150-க்கு மேற்பட்ட வடிவங்களைக் காட்டியது. எட்டுத் துண்டுகள் ஒன்றாயின. எடை 40 விழுக்காடு குறைந்தது. வலிமையோ 20 விழுக்காடு கூடியது.

வண்டி இலேசானால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் பக்கவாட்டு மோதலைப் பொறியாளர் சொல்ல மறந்தால், அதைத் தாங்க வேண்டிய உலோகத்தையும் கணினி வேண்டாததென்று நீக்கிவிடும். இருக்கை வாரை நம்பி அமர்ந்தவரின் கதி என்ன? கணக்குப் போடுவது இயந்திரம். சுமையை அறிந்து சொல்வது மனிதர். கணக்கும் விஞ்ஞானமும் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வோம்.